காற்றுச் செடியும் உப்புத்தண்ணியும்

போன சித்திரையில் காங்கேயம் பக்கம் அமுச்சி (பாட்டி) வீட்டுக்குப் போனபோது ஒரு காற்றுச் செடியைக் கையோடு கொண்டுபோனேன். உள்ளங்கையில் அடங்குகிற அளவுதான். மண் கிடையாது, தொட்டி கிடையாது, அடியில் நாலைந்து வேர் மட்டும் முறுக்கிய கம்பி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அமுச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, வெறுங்காத்தக் குடிச்சுட்டு எந்த உசுராச்சும் இருக்குமா?"

"இருக்கும்னு சொல்லித்தானுங்க அமுச்சி குடுத்தாங்க."

வாசல் நிலைக்கு மேலே ஆகாச கருடன் கிழங்கு மஞ்சள் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. "அப்ப அதுக்குப் பக்கத்துலயே கட்டி உடு" என்றார். கட்டினேன். ஆடி நோம்பிக்கு மறுபடி போனபோது கிழங்கு ஒரு முழத்துக்குக் கொடி விட்டிருந்தது. காற்றுச் செடி வைக்கோல் பிரியாகியிருந்தது.

இரண்டும் மண்ணில்லாமல் தொங்கியவைதான். ஆனால் ஆகாச கருடன், கொல்லங்கோவை என்றும் சொல்வார்களே, அது கிழங்கில் சேர்த்து வைத்த நீரையும் மாவையும் தின்று தளிர் விடுகிறது. வாசலில் தலைகீழாகக் கட்டிய சோற்றுக் கற்றாழையும் அப்படித்தான். மடலுக்குள் இருக்கிற சோறுதான் அதன் சேமிப்பு. காற்றுச் செடிக்குக் கிழங்கும் இல்லை, சொல்லிக்கொள்கிற மாதிரி சோறும் இல்லை. அன்றாடம் கிடைக்கிற ஈரத்தில் அன்றாடம் பிழைப்பது அது. மூன்று மாதம் யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டாமல், சித்திரை வெயிலில், காங்கேயம் காற்றில் தொங்கவிட்டால் என்ன ஆகும்? ஆனதுதான் ஆனது.

கோவை, திருப்பூர், ஈரோடு வீடுகளிலும் காபிக் கடைகளிலும் இப்போது இந்தச் செடி சகஜமாகிவிட்டது. கண்ணாடி உருண்டைக்குள், கம்பிக் கூண்டில், தேங்காய்த் தொட்டியில் என்று வாங்கி வைக்கிறார்கள். பலர் வீட்டில் அது ஒரு வருடம் தாண்டுவதில்லை. செத்த காரணத்தைக் கேட்டால் "தண்ணி பத்தலை" அல்லது "தண்ணி எச்சாயிருச்சு" என்பார்கள். இரண்டும் பாதி உண்மை.

டில்லான்சியா என்பது இதன் பேரினப் பெயர். அன்னாசிப் பழக் குடும்பம். 650-க்கு மேற்பட்ட இனங்கள், எல்லாம் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. மெக்சிகோ, குவாத்தமாலா காடுகளில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வளரும். சிலி, பெரு நாட்டுக் கடலோரப் பாலைகளில் மழையே காணாமல் பனிமூட்டத்தை மட்டும் குடித்து வாழ்கிற இனங்களும் உண்டு. பெயருக்குப் பின்னால் ஒரு கதை சொல்வார்கள். எலியாஸ் டில்லாண்ட்ஸ் என்று 17-ஆம் நூற்றாண்டில் ஒரு மருத்துவர் இருந்தார். கடல் பயணம் ஒத்துக்கொள்ளாமல், ஸ்டாக்ஹோமிலிருந்து பின்லாந்துக்குக் கப்பலேறாமல் வளைகுடாவைச் சுற்றி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தரை வழியாகவே போய்ச் சேர்ந்தவர். இந்தச் செடிக்கும் தண்ணீர் ஆகாது என்று நினைத்த லின்னேயஸ் அவர் பெயரையே இதற்கு வைத்துவிட்டார். ஆக, தண்ணீர் வேண்டாத செடி என்கிற தப்பு பெயர் வைத்த அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

இன்னொரு சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். மாந்தோப்பு வைத்திருக்கிறவர்கள் மரத்தில் ஒட்டி வளர்கிற எதைப் பார்த்தாலும் புல்லுருவி என்று அரிவாளை எடுப்பார்கள். புல்லுருவி மரத்துக்குள் வேரை விட்டுச் சாற்றை உறிஞ்சும். காற்றுச் செடியின் வேர் கிளையைப் பிடித்துக்கொள்வதோடு சரி. அந்த வேரை வெட்டினாலும் செடி சாகாது. குடிப்பது முழுக்க இலை வழியாக.

அந்த இலையை ஒரு பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். மேலே மாவு தூவியது போல வெள்ளையாகத் தெரிவது உண்மையில் மாவல்ல, ஆயிரக்கணக்கான குட்டிச் செதில்கள். ஒவ்வொன்றும் விரித்த குடை மாதிரி, நடுவில் ஒரு காம்பு இலைக்குள் இறங்கியிருக்கும். தண்ணீர் பட்டதும் குடை இலையோடு படிந்து, நீரைக் காம்பு வழியாக உள்ளே அனுப்பும். காய்ந்ததும் ஓரங்கள் மேலே தூக்கிக்கொண்டு, உள்ளே போன நீர் திரும்பி வெளியேறாமல் அடைத்துக்கொள்ளும், வெயிலையும் திருப்பி அடிக்கும். அதனால்தான் நனைத்தவுடன் சாம்பல் நிறச் செடி சட்டென்று பச்சையாகிறது, காய்ந்ததும் பழைய நிறத்துக்கு வருகிறது. இந்தச் செதில் அடைபட்டுப் போனால் செடியைத் தண்ணீரிலேயே போட்டு வைத்தாலும் அதற்குத் தாகம்தான். நம் ஊர்ப் பிரச்சினையில் பாதி இங்கேதான் இருக்கிறது. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

இரண்டாவது விஷயம் மூச்சு. கள்ளி, கற்றாழை, அன்னாசி போல இதுவும் பகலில் இலைத்துளைகளை மூடி வைத்து ராத்திரியில் திறக்கிற ரகம். கரியமில வாயுவை இரவில் வாங்கி அமிலமாகச் சேர்த்து வைத்துக்கொண்டு பகல் வெளிச்சத்தில் சமைக்கிறது. இலை முழுக்க நீர்ப்படலம் போர்த்தியிருந்தால் வாயு உள்ளே போகாது. வேலை முடிந்து வந்து ராத்திரி எட்டு மணிக்கு ஆசையாகத் தண்ணீர் தெளிப்பது, தூங்கப்போகிறவன் முகத்தில் ஈரத் துணியைப் போட்டு மூடுகிற மாதிரி. வெளியே என்றால் விடியக்காலைக் காற்றும் வெயிலும் காயவைத்துவிடும். மூடிய அறையில் அது நடக்காது. காலையில் நனைப்பதுதான் சரி.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கேட்க வேண்டிய கேள்வி மாறிவிடுகிறது. எவ்வளவு தண்ணீர் விட்டோம் என்பதைவிட, விட்டது எத்தனை மணி நேரத்தில் காய்ந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும். நாலு மணி நேரத்துக்குள் காய வேண்டும் என்பது வளர்ப்பவர்கள் பொதுவாக வைத்திருக்கிற கணக்கு. இதை அளக்க நான் செய்வது ஒரு நெசவு நாட்டு வைத்தியம். செடியை ஊறவைத்து எடுத்ததும், ஒரு பருத்திக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து செடிக்குப் பக்கத்திலேயே தொங்கவிடுவேன். நாலு மணி நேரம் கழித்தும் துணி சில்லென்று இருந்தால் செடியின் இலை இடுக்கில் நிச்சயம் தண்ணீர் நிற்கிறது. அந்த இடம் அழுகலுக்கு இடம். அரை மணியில் துணி அப்பளமாகிவிட்டால் வாரம் ஒருமுறை ஊறவைப்பது போதவே போதாது. துல்லியமான கருவி ஒன்றுமில்லை இது. ஆனால் "வாரம் ஒருமுறை 20 நிமிடம்" என்று எங்கோ ஈரக் காற்றுள்ள ஊருக்கு எழுதிய விதியைவிட நம் வீட்டு நிலவரத்தைச் சரியாகச் சொல்லும்.

ஏனென்றால் கொங்கு நாட்டில் ஒரே விதி வருடம் முழுக்க நடக்காது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கிறோம். மாசியிலிருந்து வைகாசி வரை மதியக் காற்றில் ஈரமே இருக்காது, கரூர், ஈரோடு, சேலம் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தொடும். ஆனியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று கிளம்பிவிடும். பொள்ளாச்சிக்கு அது சாரலோடு வரும். கிழக்கே தாராபுரம், காங்கேயம் போகப்போக வெறுங்காற்றாகத்தான் வரும். அம்மியே பறக்கிற காற்றில் காற்றுச் செடி எம்மாத்திரம்? அப்புறம் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் கதை தலைகீழ். மூன்று நாள் துணி காயாது. ஆறு மாதம் காய்ந்து சாகிற செடி அடுத்த இரண்டு மாதம் அழுகிச் சாகும். முந்தின பருவத்தின் பழக்கத்தை அடுத்ததிலும் தொடர்கிறோம், அவ்வளவுதான்.

காய்ந்த செடி

தாகம் எடுத்த செடி முதலில் இலையை உள்பக்கமாக மடிக்கும். தட்டையாக இருந்த இலை வாய்க்கால் மாதிரி குழியும். நுனி பழுப்பாகும், செடியின் எடை குறையும், கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி இருக்கும். இந்தக் கட்டத்தில் பயப்பட ஒன்றுமில்லை. ஒரு பாத்திரத்தில் நல்ல தண்ணீர் எடுத்து ஏழெட்டு மணி நேரம் மூழ்க வைத்து, எடுத்துத் தலைகீழாக உதறி, ஒரு துண்டின் மேல் சாய்த்து வைத்தால் மறுநாள் பெரும்பாலும் இலை விரிந்துவிடும். ஒரு நாளில் விரியாவிட்டால் நாலு நாள் விட்டு இன்னொரு முறை. அதற்குப் பிறகு கோடையில் வாரம் இரண்டு அல்லது மூன்று முறை அரை மணி ஊறல், நடுவில் ஒருநாள் காலையில் தண்ணீர் விசிறல் என்று வைத்துக்கொள்ளலாம். வெறும் விசிறல் மட்டும் நம் கோடைக்குப் பத்தாது.

குற்றவாளி பல வீடுகளில் மின்விசிறிதான். பங்குனி வந்தால் நிற்காமல் ஓடும் விசிறிக்கு நேர் கீழே செடியைத் தொங்கவிட்டிருப்பார்கள். காற்று வேண்டும், ஆனால் நாள் முழுக்க முகத்தில் அறைகிற காற்று வேண்டாம். ஏசி அறையும் அப்படியே.

கிழக்குப் பார்த்த ஜன்னல் நல்லது. மேற்கு ஜன்னலில் மதிய வெயில் கண்ணாடி வழியாக இறங்கினால் இலையில் வெளிறிய திட்டுகள் விழும். அந்தத் திட்டு மறுபடி பச்சையாகாது, புது இலை வரும்வரை சகித்துக்கொள்ள வேண்டியதுதான். இருட்டு மூலையில் வைத்தால் இலை நீண்டு தொய்ந்துபோகும். வெளிச்சம் பத்தாத செடி நனைந்தால் காய்வதும் மெதுவாகத்தான்.

மூன்று வெள்ளை

என்னிடம் அதிகம் பேர் காட்டிக் கேட்பது "வெள்ளையா என்னமோ இருக்குதுங்க" என்பதுதான். இந்தச் செடியில் வெள்ளை மூன்று விதம். ஒன்று செடியின் சொந்தச் செதில். சீராக இலை முழுக்கப் பரவியிருக்கும், நனைத்தால் மறையும், காய்ந்தால் திரும்பும். இதைத் தூசி என்று நினைத்துத் துணியால் துடைத்து எடுத்தவர்கள் உண்டு. வாயைத் துடைத்து எடுத்துவிட்டு அப்புறம் சாப்பாடு போட்டு என்ன?

இரண்டாவது பூச்சி. இலை அடியில், இடுக்கில் பஞ்சுப் பொட்டுகளாக ஒட்டியிருக்கும். குச்சியால் நசுக்கினால் உள்ளே ஈரமாக ஏதோ பிசுபிசுக்கும். மாவுப்பூச்சியை நம் ஊருக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதலில் கண்ணில் பட்டதே 2008-இல் கோவையில்தான். மல்பெரி, மரவள்ளி, பப்பாளி என்று வாரிச் சுருட்டியது. 2010-இல் போர்ட்டோ ரீக்கோவிலிருந்து கொண்டுவந்த ஒட்டுண்ணிக் குளவிகள்தான் அடக்கின. வீட்டுச் செடிக்குக் குளவி வேண்டாம். காது குடையும் பஞ்சுக் குச்சியைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தொட்டு ஒவ்வொரு பொட்டாகத் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசி, வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். உடனே வேப்பெண்ணெய் அடிக்கத்தான் கை போகும். எண்ணெய் செதில்களின் மேல் படலமாக நின்றுவிடும் என்பதால் இந்த ஒரு செடிக்கு மட்டும் அதைத் தவிர்ப்பேன். நெய் சேர்கிற பஞ்சகவ்யத்துக்கும் இதே காரணம்.

சோமனூர்க்காரர் ஒருவர் வீட்டில் ஒரு வேடிக்கை. மூன்று முறை ஸ்பிரிட்டால் துடைத்தும் "பூச்சி" திரும்பத் திரும்ப வந்தது. போய்ப் பார்த்தால் பக்கத்துச் சுவர் விசைத்தறிக் கூடம். பறந்து வந்த பஞ்சுத் தூசி சொரசொரப்பான இலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. இடம் மாற்றி வைத்ததும் பூச்சி ஓடிவிட்டது.

மூன்றாவது வெள்ளைதான் நம் மண்ணுக்கே உரியது. இலை நுனியிலும் ஓரத்திலும் சுண்ணாம்பு பூசியது போலப் படிந்து, நனைத்தாலும் மறையாமல், நகத்தால் கீறினால் நறநறவென்று உதிரும். போர் தண்ணீரின் உப்பு. அவிநாசி, பல்லடம், காங்கேயம் பக்கம் ஆயிரம் அடிக்குக் கீழே போய்க் கொண்டுவருகிற தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து எவ்வளவு என்று ஹீட்டர் கம்பியைப் பார்த்தாலே தெரியும். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. மண்ணில் நிற்கிற செடிக்கு வேர்ப்பக்கம் ஓரளவு தாங்கும். இலையாலேயே குடிக்கிற செடிக்கு ஒவ்வொரு முறை காயும்போதும் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் செதில் மேல் தங்கிவிடுகிறது. சில மாதத்தில் குடைகள் எல்லாம் சிமென்ட் பூசிய குடைகள். அப்புறம்தான் அந்த விநோதம், வாரம் மூன்று முறை ஊறவைத்தும் செடி காய்கிறது. "தண்ணி பத்தலை" என்று இன்னும் ஊற்றுவோம், இன்னும் உப்பு ஏறும்.

சிறுவாணித் தண்ணீர் வருகிற வீடு என்றால் கவலையில்லை, அது மென்மையான நீர். எந்த ஊரானாலும் குழாயில் "நல்ல தண்ணி" என்று வருகிறதே, அதை ஒரு வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும், தாராளமாகப் பயன்படுத்தலாம். மழைத் தண்ணீர் எல்லாவற்றையும்விட நல்லது. ஐப்பசியில் மொட்டை மாடியில் இரண்டு குடம் பிடித்து மூடி வைத்தால் நாலைந்து செடிக்குப் பல மாதம் வரும். ஆர்ஓ தண்ணீரும் பரவாயில்லை. ஆனால் அந்த இயந்திரம் கழித்து வெளியே விடுகிற தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிற சிக்கனம் இங்கே வேண்டாம், போர் தண்ணீரைவிட உப்பு கூடியது அது. உப்புப் போட்டு ஓடுகிற மென்னீராக்கிக் கருவியின் நீரும் வேண்டாம். அதில் சுண்ணாம்பு போய்ச் சோடியம் வந்திருக்கும். ஏற்கெனவே படிந்த செடியை நாலைந்து முறை மழைநீரிலோ ஆர்ஓ நீரிலோ நீண்ட நேரம் ஊறவைத்து அலசினால் ஓரளவு மீளும். முழுக்க மீளும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். நுனி கருகிய பகுதியைக் கத்தரியால் சாய்வாக வெட்டிவிடலாம்.

வெள்ளை போதும். கறுப்பாகப் புகை படிந்த மாதிரி இருந்தால், செடி தென்னை மரத்தடியில் தொங்குகிறதா என்று பாருங்கள். 2016-இல் பொள்ளாச்சியில் தலைகாட்டிய சுருள் வெள்ளை ஈ ஓலைக்கு அடியிலிருந்து தேன் போன்ற கழிவைச் சொட்டும். கீழே எது இருந்தாலும் அதன்மேல் கரும்பூசணம் வளரும். செடியைக் கழுவி வேறிடம் மாற்றினால் தீர்ந்தது.

அழுகிய செடி

காய்ந்த செடியைக் காப்பாற்றலாம். அழுகிய செடியை அனேகமாக முடியாது. மோசம் என்னவென்றால் வெளிப்பார்வைக்கு அது கடைசி நாள் வரை நன்றாகவே இருக்கும். அடிப்பகுதி கருஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ மாறும், அழுத்தினால் கொழகொழவென்று இருக்கும். நடு இலையை லேசாக இழுத்துப் பாருங்கள். உருவிக்கொண்டு கையோடு வந்தால் குருத்தே போய்விட்டது. வெளி இலைகள் மட்டும் அழுகியிருந்தால் அவற்றை உரித்துப்போட்டு, ஒரு வாரம் தண்ணீர் காட்டாமல் காற்றோட்டமான நிழலில் வைத்தால் பிழைக்க வாய்ப்புண்டு. அடியில் பழைய இலை ஒன்றிரண்டு சருகாவது அழுகல் இல்லை, அது வயசு.

அழுகலுக்குப் பெரிய காரணம் கண்ணாடி உருண்டை. பார்க்க அழகு, உள்ளே காற்று நகராது. நான் முதன்முதலில் வாங்கியதே அப்படி ஒன்றுதான். ஒரு நர்சரியில் பாசிக்குள் பசை போட்டு ஒட்டிக் கண்ணாடிக்குள் வைத்துக் கொடுத்தார்கள். எடுத்து ஊறவைக்க வழியில்லை, தெளித்தால் பாசி மூன்று நாள் ஈரம். கார்த்திகை தாண்டவில்லை. இப்போது கண்ணாடி வேண்டும் என்று கேட்கிறவர்களிடம், செடி நன்றாகக் காய்ந்த பிறகு உள்ளே வையுங்கள், விருந்தாளி போனதும் எடுத்துவிடுங்கள் என்கிறேன்.

இனத்தையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வெங்காயம் மாதிரி அடி உப்பிய பல்போசா, கபுட் மெடூசே வகைகளை முழுக்க மூழ்கடித்தால் அந்த உப்பலுக்குள் தண்ணீர் போய்த் தங்கிவிடும். காட்டில் அந்தப் பொந்தில் எறும்பு குடியிருக்கும், நம் வீட்டில் பூசணம். இவற்றைத் தலைகீழாகப் பிடித்து இலையை மட்டும் முக்கி எடுத்தால் போதும். ஆட்டுமயிர் மாதிரி வெள்ளையாக இருக்கிற டெக்டோரத்துக்கு ஊறலே வேண்டாம், விசிறல்தான். பொதுவாக வெள்ளை கூடக்கூட வறட்சி தாங்கும், பச்சை கூடக்கூடத் தண்ணீர் கேட்கும்.

அழுகலைப் பார்த்ததும் தோட்டத்துக்காரர் கை தேடுவது காப்பர் ஆக்ஸிகுளோரைடு அல்லது போர்டோ கலவை, இரண்டும் செம்பு கலந்த பூசணக்கொல்லி. தென்னைக்கும் மஞ்சளுக்கும் அது மருந்து. அன்னாசிக் குடும்பத்துக் காற்றுச் செடிக்குச் செம்பு விஷம். செப்புக் கம்பியில் சுற்றி விற்பதையும் வாங்கிவந்து அவிழ்த்துவிடுங்கள். உடம்புக்கு நல்லது என்று ராத்திரி முழுக்கச் செப்புக் குடத்தில் வைத்த தண்ணீர் உங்களுக்கு இருக்கட்டும், செடிக்கு வேண்டாம். ஏசியிலிருந்து சொட்டுகிற நீர் சுத்தமானதுதானே என்று கேட்பார்கள். அது பெரும்பாலும் செப்புக் குழாயைத் தொட்டு வருவதால் நான் தொடுவதில்லை. உரம் போட்டால் மாதம் ஒருமுறை, பொட்டலத்தில் சொன்ன அளவில் கால் பங்கு, அதிலும் நுண்ணூட்டப் பட்டியலில் செம்பு அதிகம் இல்லாததாகப் பார்த்து. போடாவிட்டாலும் செடி கோபித்துக்கொள்ளாது.

பூத்த செடி

சில சமயம் செடியில் ஒரு குறையும் இருக்காது, ஆனாலும் சாகும். அயனாந்தா என்கிற சின்ன இனம் திடீரென்று நடு இலையெல்லாம் குங்குமச் சிவப்பாகும். நோயோ வெயிலோ என்று பதறுவார்கள். இரண்டு வாரத்தில் ஊதாப் பூ நீட்டும். ஒரு செடி ஒரு முறைதான் பூக்கும், பூத்த பிறகு மாதக்கணக்கில் மெதுவாக வாடும். கோபி, சத்தியமங்கலம் பக்கம் வாழை போட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தார் தள்ளிய தாய் மரம் போகும், பக்கக்கன்று நிற்கும். இதிலும் அடியில் இரண்டு மூன்று குட்டிகள் கிளம்பும். பூத்த செடி வாடுகிறது என்று தூக்கி எறிந்தால் குட்டிகளும் குப்பைக்குப் போய்விடும்.

குட்டி தாயின் மூன்றில் ஒரு பங்காவது வளர்ந்தபின் அடியைப் பிடித்து லேசாகத் திருகினால் பிரிந்து வரும். வராவிட்டால் விட்டுவிடுங்கள், கொத்தாக வளர்வதும் அழகுதான். அதுவரை தாய்க்குத் தண்ணீரை நிறுத்தக் கூடாது, குட்டிக்கு அதன் வழியாகவும் ஊட்டம் போகிறது.

ஐப்பசியில் ஒரு குட்டியைப் பிரித்து அமுச்சி வீட்டுக்குக் கொண்டுபோனேன். இந்த முறை வாசலில் கட்டவில்லை. கிழக்கு ஜன்னல் கம்பியில் தொங்குகிறது, கீழே ஒரு பழைய சொம்பில் மழைத் தண்ணீர். எவர்சில்வர் சொம்புதான், பார்த்துத்தான் எடுத்தேன். போன வாரம் போனில் கேட்டேன்.

"ரெண்டு நாளைக்கு ஒருக்கா முக்கி எடுக்கறேன் கண்ணு. துணி காயலீன்னா உட்டுடறேன்."